முருகையாவுக்கு விழுந்த சீட்டு

முருகையாவோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் என்று சுங்கை மெர்பாவ் தோட்டத்தில் யாரும் இல்லை. ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டொருவர் உண்டு. அவர்களும் வீட்டைக் காலி செய்து ரெம்பாவ் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அப்படிச் சொல்லத் துணிந்தார்கள்.

முருகையா பிறந்தது அதே தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடொன்றில். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, பேச்சுப்போட்டிக்கு ஆள் குறைந்தால் வாத்தியார் இவரையே இரண்டு பக்கமும் பேசவிடுவார். காலையில் 'கல்வியே சிறந்தது' என்று மேசையைத் தட்டுவார். இடைவேளையில் ரொட்டி தின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து 'செல்வமே சிறந்தது' என்று அதே மேசையைத் தட்டுவார். இரண்டு முறையும் கைதட்டல் விழுந்தது. மனிதரைக் கெடுத்ததே அந்தக் கைதட்டல்தான்.

பள்ளியை விட்டதும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வழியில் போலீஸ் நிறுத்தினால் மற்ற டிரைவர்கள் முகம் வெளுக்கும். முருகையாவுக்கோ முகம் மலரும், பேச ஒரு ஆள் கிடைத்தாரே என்று. சம்மன் எழுத வந்தவர் சிறிது நேரத்தில் பேனாவை மூடிவிட்டு, தன் மாமியார் படுத்தும் பாட்டை இவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். லாரி ஓட்ட முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, செண்டாயானில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் ஜாகா என்ற காவல் வேலை. உள்ளே போகிறவர் எவரும் பாஸைக் காட்டினால் மட்டும் போதாது. அன்றைய உலக நடப்பைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மனிதருக்கு என்ன கொள்கை என்று கேட்டால் அதுதான் சிக்கல். தோட்டத்து முச்சந்தியில் அந்தோணிதாஸ் ஒரு ஒட்டுக்கடை வைத்து, ரொட்டியும் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரும் விற்கிறார். பள்ளி நாளிலிருந்து முருகையாவின் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாயைச் சீனி தொட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அந்தக் கடையில் முருகையா வாதாடுவார். கேட்டவர்கள் மனம் மாறிச் சீனி கேட்பார்கள். திங்கட்கிழமை, ரொட்டியைச் சீனி தொட்டுத் தின்பவன் மனிதனே இல்லை என்பார்.

"நேத்து நீதானே சீனி போடச் சொன்ன?" என்று அந்தோணிதாஸ் கேட்டால், "நேத்து எதிர்க்கட்சில ஆள் இருந்துச்சி, இன்னைக்கு எல்லாரும் சீனி கேக்குறானுங்க. எல்லாரும் ஒரே பக்கம் நின்னா நான் யார்கூட பேசுறது லா?" என்பார்.

அவர் மனைவி நீலாவதி இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவர். ராசா என்ற ஊரில் ஒரு தையல் கடையில் வேலை. வாயில் எப்போதும் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தைப்பதால் பேச்சைக் குறைத்துக்கொண்டதாக அவர் சொல்வார். வீட்டில் பேச்சுக்கு ஏற்கெனவே ஆள் நிரம்பிவிட்டது என்பதே உண்மை.

ஒரு நாள் தோட்டத்துக்குச் சோதனை வந்தது. நிலத்தை வைத்திருந்த கம்பெனி செம்பனையை வெட்டிவிட்டு வீடமைப்புத் திட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. லயத்தில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு ரெம்பாவையும் தாண்டி எங்கோ ஒரு ஐந்து மாடி அடுக்ககத்தில் ஆளுக்கொரு வீடு. தோட்டத்து ஆட்கள் அதற்கு ஒப்பவில்லை. கோயிலை ஒட்டி ஒரு மூலை நிலம் சும்மா கிடக்கிறது, அதில் வரிசை வீடு கட்டிக் கொடுங்கள், இங்கேயே இருந்துவிடுகிறோம் என்றார்கள். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே இந்தப் பக்கம்தான். முருகேசு மாதிரி முழங்கால் தேய்ந்த கிழடுகள் ஐந்தாவது மாடிக்கு எப்படி ஏறுவார்கள்?

கம்பெனியோடு பேச ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. வாய் இருக்கிறவர் ஒருவர்தான். தங்கள் வீடு மொத்தத்தையும் முருகையாவின் நாக்கில் வைத்துவிட்டு மக்கள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

எதிர்த்தரப்பில் கம்பெனியின் நில அதிகாரி சத்தியசீலன். அவரும் தமிழர். அப்பா எங்கோ ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, கணீரென்ற தமிழ், சிரித்தால் கன்னத்தில் குழி. முதல் சந்திப்பிலேயே முருகையாவை "அண்ணே" என்று அழைத்து, "நானும் பள்ளியில பட்டிமன்றப் பைத்தியம்ணே" என்றார். முருகையா உச்சி குளிர்ந்து போனார். அன்று வேலை என்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் பழைய தலைப்புகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முருகையாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. மாரியம்மன் திருவிழாவில் வருடா வருடம் பட்டிமன்றம் உண்டு. தோட்டத்துக் கோயில்களில் துரைமாரை அழைத்து மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பது நெடுநாள் பழக்கம். வெள்ளைக்காரத் துரைக்குப் போட்டார்கள், பிறகு வந்த மேனேஜர்களுக்குப் போட்டார்கள். இந்த வருடம் சத்தியசீலனையே நடுவராக உட்காரவைத்து மாலை போட்டால் என்ன?

"மாலை போட்டா மனசு இளகிரும். அப்புறம் மூலை நிலம் நம்ம கையில" என்றார் குழுவிடம்.

"மாலை போட்டு ஆட்டையும்தான் கூட்டிட்டு வருவாங்க" என்று அந்தோணிதாஸ் முணுமுணுத்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தது புனிதா. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, வயது முப்பதுக்குள். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று பதினெட்டாவது முறையும் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. "நாடே எதைப் பத்திப் பேசுது? கடைக்குக் கடை பாலஸ்தீனத்துக்குன்னு உண்டியல் வெச்சிருக்காங்க, பர்கர் வாங்கலாமா வேணாமான்னு சண்டை போடுறாங்க. நாம மட்டும் மாமியார் மருமகளா?" என்று கேட்டாள். அவள் வைத்த தலைப்பு: பாலஸ்தீன விஷயத்தில் இஸ்ரேல் அரசின் கொள்கைகள் நியாயமானவையா, நியாயமற்றவையா?

கோயில் தலைவருக்கு வியர்த்துவிட்டது. "நியாயம்னு யாரும்மா பேசுவா? மலாய்க்காரங்க நெறைஞ்ச இந்த ஊர்ல அப்படிப் பேசினா வெளிய தல காட்ட முடியுமா?"

நியாயமான கேள்விதான். அந்தப் பக்கம் பேச ஒருவரும் வரவில்லை. அந்தோணிதாஸ் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கு எருசலேமெல்லாம் தெரியும் என்று சிலர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். "பைபிள்ல இருக்குற இஸ்ரேல் வேற, நியூஸ்ல வர்ற இஸ்ரேல் வேற. ரெண்டையும் போட்டு ஒரே கிளாஸ்ல கலக்க நான் என்ன தே தாரிக்கா போடுறேன்?" என்று சொல்லி அவர் கடையை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் சீட்டுக் குலுக்குவதென்று முடிவாயிற்று. அந்தத் தோட்டத்தில் எந்தத் தகராறானாலும் இதுதான் வழி. சீட்டை மடித்து அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, பூசாரி எடுத்துக் கொடுத்தால் அது ஆத்தா உத்தரவு, மறுக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு முருகையா தலைவர், மறுபக்கத்துக்குப் புனிதா. பூசாரி எடுத்துக் கொடுத்த சீட்டை முருகையா பிரித்தார். 'நியாயமானவை' என்று இருந்தது.

சுற்றி நின்றவர்கள் 'உச்' கொட்டினார்கள். முருகையாவும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா, என்ன பண்றது" என்றார். மனத்துக்குள் மத்தளம் கொட்டிக்கொண்டிருந்தது. லேசான பக்கத்தைப் பேசி ஜெயிக்க யாராலும் முடியும். ஊரே எதிர்க்கும் பக்கத்தைப் பேசி அதே ஊரைக் கைதட்ட வைப்பதல்லவா கெட்டிக்காரத்தனம்!

அன்றிலிருந்து மனிதர் போனும் கையுமாக இருந்தார். சரித்திரம், சண்டை, ஒப்பந்தம், ஐ.நா. ஓட்டெடுப்பு என்று ஒன்று விடாமல் தேடிக் கேட்டார். அதே போனில் நீலாவதியும் செய்தி பார்த்தார். இடிந்த வீட்டிலிருந்து தூசி படிந்த குழந்தையை எவரோ தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். முருகையா அந்தத் தட்டையும் பார்த்தார், போனையும் பார்த்தார். "இதுக்குப் பதில் என்ன சொல்லலாம்னு யோசிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருவிழா அன்று புனிதாவின் அணியில் பேச வேண்டிய ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் தேடி அலைந்த புனிதா, பூத்தொடுத்துக்கொண்டிருந்த நீலாவதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்காரவைத்துவிட்டாள். கணவனும் மனைவியும் எதிரெதிர் அணி! கூட்டத்துக்குக் கரும்பு தின்னக் கூலியும் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

நடுவர் நாற்காலியில் சத்தியசீலன், கழுத்தில் ரோஜா மாலை. புனிதா நன்றாகவே தொடங்கினாள். ஆயுதம் ஏந்தியவன் செய்த குற்றத்துக்கு அங்கே பிறந்த ஒவ்வொருவரையும் தண்டிப்பது எந்த அறம் என்று கேட்டாள். சாப்பாட்டையும் மருந்தையும் தடுப்பது, வீட்டை இடிப்பது, அடுத்தவர் நிலத்தில் குடியேற்றம் கட்டுவது, ஒரே மண்ணில் இவனுக்கு ஒரு சட்டம் அவனுக்கு ஒரு சட்டம் என்று வைப்பது என ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கைதட்டல் கோயில் கூரையை எட்டியது.

முருகையா எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். முதலில், திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகவே வந்திருப்பதாகக் கூட்டத்திடம் சொன்னார். பிறகு சிரிக்க வைத்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ஐரோப்பாவில் துரத்தித் துரத்திக் கொல்லப்பட்ட ஒரு ஜனம் தனக்கென்று ஒரு நாடு கேட்டதில் என்ன பிழை என்றார். அந்த அக்டோபர் காலையில் ஆயுதக்காரர்கள் எல்லை தாண்டி வந்து வீட்டுக்குள் புகுந்து சுட்டார்களே, பாட்டுக் கச்சேரிக்கு வந்த பிள்ளைகளைக் கொன்றார்களே, கிழவிகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதன் பிறகு எந்த அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்றார். உங்கள் வீட்டு வாசலில் நடந்தால் போலீஸை என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேட்டபோது கூட்டம் கொஞ்சம் அடங்கிவிட்டது. இதெல்லாம் அசல் கேள்விகள். இத்தோடு உட்கார்ந்திருந்தால் எனக்குக்கூட அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிருக்காது.

உட்காரவில்லையே! கைதட்டல் வேறு தொடங்கிவிட்டது.

"நிலம், நிலம் என்கிறார்கள்! நீண்ட நாள் குடியிருந்துவிட்டால் நிலம் சொந்தமாகிவிடுமா? கையில் பத்திரம் உண்டா? மரத்தடியில் தாத்தா உட்கார்ந்தார் என்பது பத்திரம் ஆகுமா? காலம் மாறுகிறது, நாடு வளர்கிறது. வேறு இடம் இருக்கிறது, போய் நன்றாக வாழலாம் என்று சொன்ன பிறகும் இங்கேதான் இருப்பேன் என்று நிற்பதற்குப் பெயர் உரிமை அல்ல, பிடிவாதம்!"

அதைச் சொல்லும்போது மேசையை ஓங்கித் தட்டினார். பாதிக் கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டியது. சத்தியசீலன் போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பார்த்த முருகையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக நீலாவதி. மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேச வராது. அந்த அக்டோபர்ல செத்தவங்களைப் பாத்தும் அழுதேன், இப்ப தினமும் சாகுற பிள்ளைங்களைப் பாத்தும் அழுவுறேன். என் பிள்ளை நல்லா இருக்கணும்னா இன்னொருத்தி பிள்ளை சாகணும்னு ஒரு அரசாங்கம் சொன்னா, அது நியாயம்னு என்னால சொல்ல முடியல" என்றார். 

பதில் சொல்ல முருகையாவுக்கு வாய்ப்பு. "நடுவர் அவர்களே! என் மனைவி நேற்று வைத்த சாம்பாரில் உப்பு இல்லை. சொந்த அடுப்படிக் கொள்கையையே சரிசெய்யாதவர் அடுத்த நாட்டுக் கொள்கையைத் திருத்த வந்துவிட்டார்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீலாவதி மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சத்தியசீலன் தீர்ப்புச் சொன்னார். எது நியாயம் என்று அவரவர் மனச்சாட்சி சொல்லட்டும், பேச்சுத் திறத்தில் கோப்பை முருகையா அணிக்கே என்றார். "குறிப்பாக அண்ணன் நிலத்தைப் பற்றிச் சொன்ன கருத்து, அடடா, என் மனசிலேயே பதிஞ்சிருச்சு" என்று சொல்லிக் கோப்பையை நீட்டியபோது கன்னத்தில் குழி விழுந்தது.

வீட்டில் நீலாவதி சண்டை எதுவும் போடவில்லை. மறுநாள் சாம்பாரில் மட்டும் உப்பு அள்ளிப் போட்டிருந்தார். முருகையா வாயைத் திறக்காமல் குடித்தார், தண்ணீரையும் குடம் குடமாகக் குடித்தார்.

பேச்சை யாரோ படம் பிடித்து டிக்டாக்கில் போட்டுவிட்டார்கள். யாரோ ஒருவர் அதற்கு மலாய் மொழியில் எழுத்தும் ஓட்டியிருந்தார். தொழிற்சாலை வாசலில் இவரோடு ஜாகா நிற்கும் ஹலீம், தினமும் தன் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை இவருக்குக் கொடுப்பவர். அன்று பொட்டலத்தைப் பிரித்துத் தனியாகச் சாப்பிட்டார்.

"அது சும்மா போட்டி பாங், சீட்டு விழுந்துச்சி, பேசினேன்" என்று முருகையா, அண்ணே என்பதற்கு 'பாங்' போட்டு, மலாயில் விளக்கினார்.

ஹலீம் கோபப்படவில்லை. "சரி. நீ சொன்னதை நீ நம்புறியா?" என்று மட்டும் கேட்டார்.

முருகையா வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவருக்கு, தான் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. வாசலில் வந்த லாரிக்குக் கதவைத் திறக்க ஓடிப்போய்த் தப்பித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை கம்பெனியோடு பேச்சுவார்த்தை. தோட்டத்து மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, சன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். சத்தியசீலன் மடிக்கணினியோடு வந்தார். முருகையா கோடு போட்ட சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, முன்னால் உட்கார்ந்திருந்தார். மாலை வேலை செய்திருக்கும் என்று நம்பிக்கை.

"தம்பி, நாங்க இந்த மண்ணுல மூணு தலைமுறையா இருக்குறோம்..." என்று கணீரெனத் தொடங்கினார்.

சத்தியசீலன் புன்னகையோடு கையை உயர்த்தினார். "அண்ணே, மன்னிக்கணும். நீண்ட நாள் குடியிருந்துவிட்டால் நிலம் சொந்தமாகிவிடுமா? கையில் பத்திரம் உண்டா?"

அதே ஏற்றம், அதே இறக்கம். மேசையைத் தட்டிய இடத்தில் மேசையையும் தட்டினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது... அது வேற தம்பி."

"எப்படிண்ணே வேற? கம்பெனி கையில கிராண்ட் பத்திரம் இருக்கு. வேற இடமும் கொடுக்குறோம். 'வேறு இடம் இருக்கிறது என்று சொன்ன பிறகும் இங்கேதான் இருப்பேன் என்று நிற்பதற்குப் பெயர் உரிமை அல்ல, பிடிவாதம்.' நான் சொல்லலண்ணே. கோப்பை வாங்கின பேச்சு. எங்க டைரக்டருக்கே வீடியோவைப் போட்டுக் காமிச்சேன், ரொம்ப ரசிச்சாரு."

 அத்தனை முகங்களும் முருகையாவைப் பார்த்தன. தங்கள் வீட்டை இவர் நாக்கில் வைத்த மக்கள்; அந்த நாக்கே அதை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணிதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது பட்டிமன்றம் லா! சீட்டு விழுந்துச்சி, பேசினேன். ஆத்தா குடுத்த சீட்டு!"

"சரிண்ணே, ஒத்துக்குறேன்." சத்தியசீலன் முன்னால் சாய்ந்தார். குரலில் கேலி இருந்தது, கொஞ்சம் பாசமும் இருந்தது. "அப்ப இன்னைக்கு எந்தச் சீட்டு விழுந்துச்சி? இந்தப் பக்கத்தை மட்டும் நீங்க நெசமா நம்புறீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குறது?"

முருகையா எழுந்தார். அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பேசியே ஆக வேண்டும். ஒரு பாயிண்ட் எடுத்தார், அது முழுமையாகும் முன்னே அதற்கான பதிலும் மண்டையில் ஓடியது. எதிர்க்கட்சிக்காரன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான், இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்தவன். இன்னொன்றை எடுத்தார், அதுவும் பாதியில் நின்றது.

"நாங்க... எனக்கு... வந்து..." கை நடுங்கியது. "எனக்குப் போக இஷ்டம் இல்ல தம்பி. அவ்ளோதான். அஞ்சு மாடி... முருகேசு அண்ணன் முட்டி... எனக்கு... போக இஷ்டம் இல்ல."

உட்கார்ந்துவிட்டார். சுங்கை மெர்பாவ் சரித்திரத்திலேயே இவ்வளவு மோசமாக யாரும் பேசியதில்லை. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து நீலாவதி எழுந்தார். இந்த முறை மைக் இல்லை.

"தம்பி, இவரு இன்னைக்கு நெசம் பேசுறாரான்னு கேட்டீங்க. நான் சொல்றேன். இவரு பொய் பேசினா அருவி மாதிரி கொட்டும். இடி மாதிரி வரும், சிரிப்பு வரும், கையைக் காலை ஆட்டுவாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். இன்னைக்கு பாருங்க, ஒரு வாக்கியம் முடிக்க முடியல. கை நடுங்குது. இவரு வாய் குழறி நான் பாத்ததே இல்ல. இதுக்கு மேல உங்களுக்கு என்னா சாட்சி வேணும்?"

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. முருகையா மட்டும் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

"அங்க குண்டு விழுது, இங்க நோட்டீஸ் விழுது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பாவம்" என்றார் நீலாவதி. "எங்க மேல யாரும் குண்டு போடல. எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கல. ஆனா ஒரு மனுசனை அவன் இஷ்டத்தைக் கேக்காம தூக்கி எங்க வேணா வெக்கலாம், அவன் பேசக் கூடாதுங்குற பேச்சு இருக்கே, அது அங்கயும் இதே பேச்சுதான், இங்கயும் இதே பேச்சுதான். அன்னைக்கு அது மேடையில நல்லாத்தான் இருந்துச்சி. இன்னைக்கு எங்க வீட்டு மேல விழுந்தப்பதான் இவருக்குக் கனம் தெரிஞ்சிருக்கு."

முருகையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தோற்றதற்காக அல்ல, அந்த மேடையில் ஜெயித்ததற்காக.

"அப்புறம் ஒரு சந்தேகம் தம்பி." நீலாவதி உட்காரப் போனவர் திரும்பினார். "நீங்க வந்ததுலேர்ந்து ரொம்ப அழகா பேசுறீங்க. ஒரு எடத்துல கூட தட்டல, திக்கல. கிராணி மவன், நீங்களும் லயத்துக்குப் பக்கத்துல வளந்தவருதான். உங்களுக்கு இன்னைக்கு எந்தச் சீட்டு விழுந்துச்சி?"

அந்தோணிதாஸ்தான் முதலில் மேசையைத் தட்டினார். பிறகு சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் வரை கைதட்டினார்கள். சத்தியசீலன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத் தொடங்கி, "அது வந்துக்கா... கம்பெனி..." என்று நின்றார். தான் திக்குவது தனக்கே கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு மடிக்கணினியில் திட்டத்தின் வரைபடத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

கடைசியில் அதை மூடிவைத்தார். மூலை நிலத்தை அளக்க ஆள் அனுப்புவதாகவும், அளந்து முடிக்கும்வரை காலி செய்யும் பேச்சு வேண்டாம் என்று மேலே சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். "அதுக்கு மேல என்னால இன்னைக்கு எதுவும் சொல்ல முடியாதுக்கா" என்றார். அதை அவர் அவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. ஆகவே தோட்டத்து மக்கள் நம்பினார்கள்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்குச் செம்பனை ஓரமாக மண் சாலை. முருகையா மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நீலாவதி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நீலாவதிக்குக் கைகாட்டிவிட்டுப் போனார்கள். 

"அன்னைக்கு மேடையில சாம்பாரைப் பத்தி சொன்னேன்ல" என்றார் கடைசியில். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதான் சாம்பாரை இழுத்தேன்."

"தெரியும்."

"ஹலீமு கேட்டான், நீ நம்புறியான்னு. நாளைக்கு அவன்கிட்டயும் சொல்லிடணும். புள்ளைங்களைக் கொல்றதுக்கு என்கிட்ட பதில் கிடையாது, எந்தச் சீட்டு விழுந்தாலும் கிடையாதுன்னு."

"சொல்லுங்க. சுருக்கமா சொல்லுங்க."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். முருகையாவை எதுவோ அரித்துக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டேவிட்டார்.

"அப்ப நான் நல்லா பேசினா அது பொய்தானா நீலா? எல்லாமேவா?"

நீலாவதி குடையைச் சாய்த்து அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட பேசினீங்களே," என்றார், "அடேயப்பா, எவ்ளோ நல்லா பேசினீங்க!"